வேட்டைக்காரர்களே வழிகாட்டிகள்... சிலிகா கரையில் ஒரு பறவைக் கிராமம்!

சென்னையிலிருந்து ஹவுரா செல்லும் ரயிலில் போனவர்களுக்கு இது பழகிய காட்சி. ஒடிசாவின் பெர்ஹாம்பூரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில், வலது பக்க ஜன்னலோரம் பரந்த நீர்ப்பரப்பு ஒன்று ரயிலோடு கூடவே ஓடிவரும். அக்கரை தெரியாது. நடுநடுவே சிறு தீவுகள், மீன்பிடிப் படகுகள், நீருக்குள் நட்டுவைத்த மூங்கில் கழிகள். புதிதாகப் பார்ப்பவர்கள் ‘கடல் வந்துடுச்சு’ என்று குழந்தைகளுக்குக் காட்டுவார்கள். அது கடல் அல்ல; சிலிகா ஏரி.

அந்த ஏரியின் வடக்கு ஓரத்தில், ரயில் ஜன்னலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், நாணல் காட்டுக்குப் பின்னால் இருக்கிறது மங்களாஜோடி. மீனவர்களும் படகு கட்டும் தச்சர்களும் வாழும் ஊர். குளிர்காலம் வந்துவிட்டால் கேமராவும் பைனாகுலருமாக வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் பறந்துவரும் பல லட்சம் பறவைகளில் ஒரு பெருங்கூட்டம் இந்த ஊரின் சதுப்பு நிலத்தில்தான் இறங்குகிறது.

பறவைகளைக் காட்டப் படகோட்டி வருபவர்களில் சிலர், ஒருகாலத்தில் அதே பறவைகளைச் சுட்டு விற்றவர்கள். மங்களாஜோடியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏரி பாதி, கடல் பாதி

பறவைகள் ஏன் இங்கே வருகின்றன என்று தெரிய வேண்டுமானால், சிலிகாவைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சுமார் 1,100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இது, நம்ம ஊர் பழவேற்காடு போன்ற ஓர் உப்பங்கழி. ஆனால், அதைவிடப் பெரியது. பூரி, குர்தா, கஞ்சம் என மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. வங்காள விரிகுடாவுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமான ஒரு மணல் திட்டுதான் சுவர். அதிலுள்ள திறப்பு வழியே கடல்நீர் உள்ளே வரும். மறுபக்கம், மகாநதியின் கிளைகளான தயா, பார்கவி போன்ற ஆறுகள் வடக்கிலிருந்து நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்.

அதனால் சிலிகாவின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கடல் வாய்க்கு அருகே உப்பு அதிகம். அந்தப் பக்கம் சாதபாடாவில் இராவதி டால்ஃபின்களைப் பார்க்கப் படகு போகும். வடக்கே வர வர உப்பு குறைந்து, நீரின் ஆழமும் குறைந்து, சேறும் நாணலும் அல்லியுமாகச் சதுப்பு நிலம் ஆகிவிடுகிறது. மங்களாஜோடி இருப்பது அங்கேதான். முழங்கால் அளவு நீர், புழுவும் நத்தையும் நிறைந்த சேறு, ஒளிந்துகொள்ள நாணல் புதர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்து வரும் பறவைக்கு இதைவிட நல்ல விருந்து வீடு கிடைக்காது.

சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் பட்டியலில் 1981-ல் இந்தியாவிலிருந்து முதலில் இடம்பிடித்த இரண்டு இடங்களில் சிலிகாவும் ஒன்று. இன்னொன்று, ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ். சிலிகாவுக்குள் இருக்கும் நலபனா தீவு 1987-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், மங்களாஜோடி சதுப்பு அந்தச் சரணாலய எல்லைக்குள் வரவில்லை. ‘இங்கே நுழையாதே’ என்று சொல்லும் சரணாலயப் பலகையோ வேலியோ இல்லாத இடத்தில் பறவைகளைக் காப்பாற்ற வேண்டுமானால், ஊர் மனது வைத்தால்தான் உண்டு.

‘வேட்டைக்கார ஊர்’ என்று பெயர்

அந்த மனது எப்போதும் இருந்ததில்லை. 1990-களில் மங்களாஜோடிக்கு அக்கம்பக்கத்தில் இருந்த பெயர், வேட்டைக்கார ஊர். குளிர்காலம் தொடங்கினால் இங்கே வேட்டையும் தொடங்கும். துப்பாக்கியால் சுட்டார்கள். வலை விரித்துப் பிடித்தார்கள். பூச்சிமருந்து கலந்த தீனியைத் தூவிக் கொத்துக்கொத்தாகக் கொன்றார்கள். கூடு கட்டும் பருவத்தில் முட்டைகளையும் விட்டுவைக்கவில்லை. காட்டு வாத்துக் கறிக்கு அக்கம்பக்கத்துச் சந்தைகளில் நல்ல விலை கிடைத்தது.

1972-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. வேட்டை குற்றம் என்று ஊருக்கும் தெரியும். ஆனால், வீட்டுச் செலவுக்குச் சட்டம் பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் சிலிகாவே நோய்வாய்ப்பட்டிருந்தது. கடல் வாய் மணலால் தூர்ந்துபோனதால் உள்ளே வரும் உப்புநீர் குறைந்தது. களைச்செடிகள் பரவின, மீன்வளம் சரிந்தது. அபாயத்திலுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் 1993-ல் சிலிகாவும் சேர்க்கப்பட்டது. ஒருபுறம் மீன் குறைய, இன்னொருபுறம் வானத்திலிருந்து இறங்கிவரும் பறவைகள் கைச்செலவுக்குப் பணமாயின.

பல லட்சம் பறவைகள் வர வேண்டிய மங்களாஜோடியில், 2000-வாக்கில் எண்ணிக்கை சுமார் 5,000 வரை இறங்கிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. இன்னும் சில வருடம் அப்படியே போயிருந்தால் சுட்டு விற்பதற்கும் பறவை இருந்திருக்காது.

ஊரைத் திருப்பிய பேச்சு

நந்தகிஷோர் பூஜபல் என்ற இயற்கை ஆர்வலரும் அவருடைய ‘வைல்ட் ஒரிசா’ அமைப்பும் 1990-களின் கடைசியில் இந்த ஊருக்குள் வந்தார்கள். கொல்லாதீர்கள் என்று சொல்ல வந்தவர்களுக்கு உடனே வரவேற்பு கிடைத்துவிடவில்லை. பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள் என்றுதான் ஊர் முதலில் பார்த்தது. அவர்கள் போலீஸைக் கூட்டிவரவில்லை. திரும்பத் திரும்ப வந்து பேசினார்கள். வேட்டையில் கைதேர்ந்தவர்களிடமே அதிகம் பேசினார்கள்.

2000-ம் ஆண்டு டிசம்பரில் ‘ஸ்ரீ ஸ்ரீ மகாவீர் பக்ஷி சுரக்ஷா சமிதி’ உருவானது. பறவைகளைக் காக்கும் ஊர்ச் சங்கம். அதில் சேர்ந்தவர்களில் பலர் முன்னாள் வேட்டைக்காரர்கள். எந்தப் படகு எந்த வாய்க்கால் வழியே நள்ளிரவில் போகும், எங்கே வலை விரிப்பார்கள், விஷத் தீனியை எந்த இடத்தில் தூவுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாதா என்ன? ரோந்து போவதற்கு அவர்களைவிடத் தோதான ஆள் கிடைக்காது.

அதே 2000-ம் ஆண்டு இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. சிலிகா மேம்பாட்டு ஆணையம் மணல் திட்டை வெட்டி, செப்டம்பரில் ஏரிக்குப் புதிய கடல் வாயைத் திறந்துவிட்டது. உப்பும் நன்னீரும் மறுபடி சரியாகக் கலந்தன. மீன் திரும்பியது. 2002-ல் சிலிகா அந்த அபாயப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, ராம்சார் விருதும் பெற்றது. ஏரி தேறியதும் ஊர் திருந்தியதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடந்தது மங்களாஜோடியின் அதிர்ஷ்டம்.

ஆனாலும், முதல் சில வருடங்கள் எளிதாக இல்லை. துப்பாக்கியைக் கீழே வைத்தவர்களுக்கு ரோந்தால் வயிறு நிறையவில்லை. இரவெல்லாம் சேற்றில் காவல் காத்துவிட்டுக் காலையில் வீட்டுக்கு வந்தால், அரிசிப் பானையைப் பார்க்க வேண்டுமே. பழைய தொழிலில் ஒரே இரவில் கிடைத்த பணம் நினைவுக்கு வராமல் இருக்காது. பறவைக்கும் ஊருக்கும் நடுவே வேறு ஒரு வருமானம் வந்தாக வேண்டும் என்ற நிலை.

2009-10 வாக்கில் வெளியிலிருந்து வந்த அமைப்புகளின் உதவியோடு சுற்றுலா முறையாகத் தொடங்கியது. படகுகள், பைனாகுலர்கள், தங்கும் குடில்கள், சமையற்கூடம், வழிகாட்டிகளுக்குப் பயிற்சி என ஒவ்வொன்றாக வந்தன. பிறகு ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் ‘மங்களாஜோடி ஈகோடூரிஸம் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளையாக அது வளர்ந்தது. 2018-ல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் விருது மேடை வரைக்கும் இந்தச் சின்ன ஊரின் பெயர் போனது.

பறவைகளின் கணக்கு என்ன ஆனது? சமீபத்திய ஆண்டுகளின் ஜனவரி கணக்கெடுப்புகளில் சிலிகா முழுவதும் 10 லட்சத்துக்கும் அதிகமான பறவைகள் பதிவாகின்றன. மங்களாஜோடியில் மட்டும் 3 லட்சத்தைத் தாண்டிய கணக்கு உண்டு.

கழி ஊன்றிப் போகும் படகு

ஊரின் கடைசித் தெருவைத் தாண்டினால் சதுப்புக்குள் நீண்டுசெல்லும் ஒரு மண்பாதை. இரண்டு பக்கமும் நீர். பாதையின் முனையில் ஒரு காவல் கோபுரமும் படகுத்துறையும். சூரியன் உதிக்கும் நேரத்தில் முதல் படகுகள் கிளம்பிவிடும்.

படகு மரத்தில் செய்த நாட்டுப் படகு. மோட்டார் கிடையாது. பின்னால் ஒருவர் நின்றபடி மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளுவார். முன்னால் வழிகாட்டி. நடுவே நான்கைந்து பேர் உட்காரலாம். கழி நீரிலிருந்து எழும்போது சொட்டும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. நாணலை வெட்டி உண்டாக்கிய வாய்க்கால்கள் வழியே படகு நுழைந்து நுழைந்து போகிறது.

முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் நீலத் தாழைக்கோழிதான். ஊதா நீல உடம்பும் சிவந்த அலகுமாக, நாணல் தண்டை ஒரு காலால் பிடித்துக்கொண்டு, கரும்பு தின்னும் குழந்தைபோலக் கடித்துக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நாமக்கோழிகள். அல்லி இலைமேல் அது அமிழாதபடி நடந்துபோகும் இலைக்கோழி. அதன் நீண்ட விரல்கள் உடல் எடையைப் பரப்பிவிடுவதால்தான் இலை தாங்குகிறது. நத்தையைத் தின்னும் நத்தைகுத்தி நாரை, அசையாமல் நிற்கும் செந்நாரை, சிவந்த குச்சிக் கால்களோடு பவளக்கால் உள்ளான், நீரின் மேல் தாழப் பறக்கும் மீசை ஆலா. பாதிப் பறவைகள் நம்ம ஊர் ஏரிகளிலும் பார்க்கக் கிடைப்பவைதான். ஆனால், இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு பயமில்லாமல் அவை நிற்பதுதான் புதுசு.

இன்னும் உள்ளே போனால் வாய்க்கால் அகன்று திறந்த வெளியாகிறது. அங்கேதான் தூரத்து விருந்தாளிகள். ஈட்டிபோல் நீண்ட வாலோடு ஊசிவால் வாத்துகள், கரண்டி அலகால் நீரை வடிகட்டித் தின்னும் தட்டைவாயன்கள், கூட்டமாக மேயும் கருவால் வாத்துகள். மங்களாஜோடிக்குப் பெயர் வாங்கித் தந்த பறவை இன்னொன்று: கருவால் மூக்கன். நீளமான நேர் அலகைச் சேற்றுக்குள் கண்வரை புதைத்துப் புழு தேடும். ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். மேலே ஒரு சேற்றுப் பூனைப்பருந்து வட்டமிட்டால் போதும். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பும். கறுப்பு வெள்ளை இறக்கைகள் ஒன்றாகத் திரும்பி, ஒன்றாக மடங்கி, மறுபடி அதே சேற்றில் இறங்கும்.

இந்தப் பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை வழிகாட்டிகள் தடுமாறாமல் சொல்கிறார்கள். அவர்களில் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர்கள் உண்டு. கையில் பறவைகளின் படப் புத்தகம் வைத்திருப்பார்கள். ஆனால், அது பெரும்பாலும் பயணிகளுக்காகத்தான்.

யோசித்துப் பார்த்தால், ஒரு வேட்டைக்காரருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த நேரத்தில் எந்தக் கூட்டம் எங்கே இறங்கும், எவ்வளவு தூரம் வரை நெருங்கினால் பறவை பொறுத்துக்கொள்ளும், சத்தமில்லாமல் கழியை எப்படி ஊன்றுவது. ஒரு நல்ல வழிகாட்டிக்கும் இவை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். துப்பாக்கி மட்டும்தான் தேவையில்லை. அதனால்தான் வெளியிலிருந்து படித்த வழிகாட்டிகளைக் கொண்டுவராமல், ஊர்க்காரர்களையே படகில் ஏற்றியது சரியான முடிவாக இருந்தது.

பணம் எப்படிப் பங்காகிறது?

ஒரு பயணி வந்தால் அவர் கொடுக்கும் பணம் பல கைகளுக்குப் போகிறது. படகு தள்ளுபவர், வழிகாட்டி, சமைப்பவர், குடிலைச் சுத்தம் செய்பவர், ரயிலடியிலிருந்து கூட்டிவரும் ஆட்டோக்காரர், மீனும் காய்கறியும் கொடுப்பவர், படகு செய்யும் தச்சர். சமூகச் சுற்றுலா என்று சொல்வது இதைத்தான். நகரத்து முதலாளி ஒருவர் ரிசார்ட் கட்டி, ஊர்க்காரரைக் காவலாளியாக வைத்துக்கொண்டால் பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஊரே நடத்தினால் பெரும்பகுதி ஊரிலேயே தங்கும். காவல் ரோந்துக்கான செலவும் அதிலிருந்தே கிடைக்க வழி உண்டாகிறது.

சாப்பாடும் அந்த ஊர்ச் சாப்பாடுதான். சோறு, பருப்போடு வாழைக்காய், பூசணி, பப்பாளிக்காய் எல்லாம் சேர்த்து வேகவைத்த ‘டால்மா’, கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பு. சிலிகா நண்டும் இறாலும் ஒடிசா முழுக்கப் பெயர் பெற்றவை. டால்மாவைச் சாப்பிடும் தமிழர்களுக்கு நம் வீட்டுக் கூட்டும் சாம்பாரும் ஒன்றாக நினைவுக்கு வரும். மிளகாய் வாடை கொஞ்சம் குறைவு; கடுகெண்ணெய் வாடை கொஞ்சம் அதிகம். பழகிவிட்டால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

மதிய வெயிலில் பறவைகள் ஒதுங்கிவிடும். அந்த நேரத்தில் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். கரையில் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசும் படகுகள், வலை முடையும் பெரியவர்கள், பாதி முடிந்த படகுக்குள் உட்கார்ந்து விளையாடும் சிறுவர்கள். மங்களாஜோடியின் தச்சர்கள் செய்யும் நாட்டுப் படகுகளுக்கு இந்தப் பகுதியில் நல்ல பெயர்.

எல்லாம் நன்றாகத்தான் போகிறதா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பறவைகள் அக்டோபர் கடைசியில் வரத் தொடங்கி மார்ச்சில் கிளம்பிவிடும். ஆக, சுற்றுலா வருமானம் ஆண்டில் ஐந்து மாதம்தான். மீதி ஏழு மாதத்துக்கு மீனும் விவசாயமும் படகு வேலையும் வெளியூர்க் கூலியும்தான் துணை. ஊரில் எல்லா வீட்டிலும் படகும் வழிகாட்டியும் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் பணம் வர, தன் வீட்டுக்கு வராத குடும்பத்துக்குப் பறவை இன்னும் அந்நியம்தான். சிலிகாவின் வேறு சில பகுதிகளில் குளிர்காலம்தோறும் வேட்டைக்காரர்கள் பிடிபடும் செய்தி இன்றும் வருகிறது. வனத்துறை சீசனில் தற்காலிகக் காவல் முகாம்கள் போட வேண்டியிருக்கிறது.

ஏரிக்குள்ளும் சண்டை ஓயவில்லை. மூங்கிலும் வலையும் வைத்து நீர்ப்பரப்பை வளைத்து இறால் வளர்க்கும் ‘கேரி’ எனப்படும் அடைப்புகள் சிலிகாவின் பழைய தலைவலி. நீரோட்டத்தைத் தடுக்கின்றன, பரம்பரை மீனவர்களின் வழியை மறிக்கின்றன. நீதிமன்ற உத்தரவுகளின்பேரில் அகற்றினாலும் மறுபடி முளைக்கின்றன.

இயற்கையும் சும்மா இருப்பதில்லை. 2019 மே 3-ல் பூரி அருகே கரையைக் கடந்த ஃபானி புயல் சிலிகாவைச் சுற்றியிருந்த ஊர்களைப் புரட்டிப்போட்டது. அடுத்த ஆண்டே கொரோனா ஊரடங்கு வந்து நாடு முழுக்கச் சுற்றுலாவை நிறுத்தியது. பயணிகளை மட்டுமே நம்பியிருந்த எந்த ஊருக்கும் அது பெரிய அடி. சுற்றுலாவைப் பக்கத் துணையாக வைத்துக்கொண்டு, மீன்பிடிப்பையும் படகுத் தொழிலையும் விடாமல் வைத்திருப்பது ஏன் நல்லது என்பதை அந்த இரண்டு ஆண்டுகளும் காட்டின.

கடைசியாக, பெயர் பரவியதால் வந்த சிக்கல். டிசம்பர் விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூட்டம் அதிகம். ‘இன்னும் கிட்டப் போங்க, பறவை பறக்கட்டும், நல்ல போட்டோ வரும்’ என்று கேட்கும் பயணிகளும் உண்டு. ஒவ்வொரு முறை பறவை மிரண்டு எழும்பும்போதும், தீனியால் சேர்த்த சக்தியை வீணாக்குகிறது. மார்ச்சில் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதற்கு அந்தச் சக்திதான் வேண்டும். கேட்பவரிடம் மறுத்துச் சொன்னால் பயணி கோபித்துக்கொள்வார். கேட்டபடி செய்தால் பறவை அடுத்த வருடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே தினமும் நிற்பவர் படகோட்டிதான்.

நமக்குப் புதிதல்ல

ஊர் சேர்ந்து பறவையைக் காப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய சங்கதி இல்லை. வேடந்தாங்கல் மக்கள் 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ‘எங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது’ என்று கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியிடம் உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் காரங்காடு கிராமத்தில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறார்கள். மங்களாஜோடி போலவே அங்கும் ஊர்க்காரர்கள்தான் வழிகாட்டிகள்; சமையலும் ஊர்ப் பெண்களுடையது.

வேடந்தாங்கலில் பறவையால் வயல் விளைந்தது. மங்களாஜோடியில் பறவையால் படகுக்கூலி கிடைக்கிறது. இரண்டு ஊரிலும் பறவை உயிரோடு இருப்பதால் வீட்டுக்கு ஏதோ ஒன்று வந்து சேர்கிறது. அது நிற்காத வரை காவலும் நிற்காது.

போக நினைப்பவர்களுக்கு...

எப்போது: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. டிசம்பர், ஜனவரியில் பறவைகள் அதிகம். விடுமுறை நாட்களைத் தவிர்த்து வார நாட்களில் போனால் கூட்டம் குறைவு.

எப்படி: சென்னையிலிருந்து ஹவுரா தடத்து ரயில்களில் குர்தா ரோடு அல்லது புவனேஸ்வரில் இறங்கலாம். விமானம் என்றால் புவனேஸ்வர். அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலையில் டாங்கி என்ற ஊர்வரை வந்து, ஏரிப் பக்கம் திரும்பினால் மங்களாஜோடி. புவனேஸ்வரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

தங்குவது: ஒரு இரவாவது ஊரிலேயே தங்குவது நல்லது. மாலையில் ஒரு படகு, மறுநாள் விடியலில் ஒரு படகு என இரண்டு முறை போகலாம். ஊருக்குள் இப்போது தனியார் தங்குமிடங்களும் வந்துவிட்டன. முன்பதிவு செய்யும்போது, இடத்தை நடத்துவது யார், வழிகாட்டி உள்ளூர்க்காரரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்துச்செல்ல: காலைப் பனிக்கு ஒரு ஸ்வெட்டர், வெயிலுக்குத் தொப்பி, தண்ணீர், இருந்தால் பைனாகுலர். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், வெள்ளை உடை வேண்டாம். பச்சை, பழுப்பு போன்ற மங்கல் நிறங்கள் நல்லது. குழந்தைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். ஏறும் முன்பே ‘சத்தம் போடாமல் பார்க்கணும்’ என்று சொல்லிவையுங்கள். நீரில் எழுந்து நிற்பது, கை தட்டிப் பறவையைக் கிளப்புவது, பிளாஸ்டிக் கவரை வீசுவது கூடவே கூடாது.

படகிலிருந்து இறங்கும்போது வழிகாட்டி வழக்கமாக ஒரு கணக்குச் சொல்வார்: இன்று எத்தனை வகைப் பறவைகள் பார்த்தோம் என்று. குழந்தைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நாற்பது, ஐம்பது வகை எல்லாம் இங்கே சாதாரணம். அவர் கிட்டப் போகாமல் தூரத்திலேயே படகை நிறுத்திக் காட்டிய பறவையையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அதற்காக அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.